குளிர்காலத்துக்கென்றே செய்தது

காலையில் எழுந்தான். ஜன்னல்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்தான். மூடியிருந்தன. திறப்பதற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை. பல் தேய்த்தான். குவளையில் இரண்டு பிரஷ் இருந்தன, ஒன்று காய்ந்திருந்தது. தண்ணீர் கொதிக்கவைத்துக் காபி போட்டுக் குடித்தான். ரொட்டியை நின்றபடியே தின்றான். குளித்தான். சட்டையைப் போட்டான், ஸ்வெட்டரைப் போட்டான், கம்பளி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றினான். பிறகு அலமாரியிலிருந்து பழுப்பு நிறப் பாட்டிலை எடுத்துக் காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் அடித்து, மணிக்கட்டில் அடித்து, மஃப்ளரிலும் அடித்துக்கொண்டான்.

ஆசையாகச் செய்தான் என்று சொல்ல முடியாது. மாத்திரை போட்டுக்கொள்வது மாதிரிதான்.

படியிறங்கும்போது கீழ்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு எதிரே வந்தார். அவனைப் பார்த்ததும் சுவரோடு சுவராக ஒட்டி நின்று, தலையைக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார். மனைவியை இழந்தவன் மேல் ஜனங்களுக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டே இறங்கினான்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகன். அதற்கென்றே கல்லூரியில் படித்தவன். அன்று கடைக்குள் காலை வைத்ததும் முதலாளி கூப்பிட்டார். முதலாளிக்குக் கடையில் வைத்திருந்த பெயர் பைஃபோகல். ஆட்களைப் பார்க்கக் கண்ணாடியின் மேல் பாதி, கல்லாவைப் பார்க்கக் கீழ் பாதி.

"உட்காருங்க," என்றார் பைஃபோகல், மேல் பாதி வழியாக. "கஸ்டமர்கிட்ட உங்க கதையைச் சொல்றீங்களா?"

"எந்தக் கதை சார்?"

"வீட்டுக் கதை. துக்கக் கதை."

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் உங்க ரூமுக்குள்ள போறவங்க எல்லாம் அழுதுக்கிட்டே வெளியே வர்றாங்க?"

அவன் யோசித்தான். அழுதார்கள் என்பது உண்மைதான். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலகத்தில் அழுவதற்கு வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன என்பது அவனுடைய எண்ணம்.

"நேத்து அந்த ரிட்டயர்டு போலீஸ்காரர்," என்றார் பைஃபோகல். "கண்ணைத் துடைச்சுக்கிட்டே வெளியே வர்றாரு. கூட வந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்ல, உள்ள என்ன வைத்தியம் பண்றீங்க'ன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

"தெரியல சார்."

"துக்கம் இருக்கும். இல்லைங்கல. வாசல்ல செருப்பைக் கழட்டுற மாதிரி கழட்டி வச்சிட்டு உள்ள போங்க."

சொல்லிவிட்டாரே தவிர அவருக்கே திருப்தி இல்லை. எதற்கும் பார்த்துவிடலாம் என்று பரிசோதனை அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஆள் படுத்தால் தலை ஒரு சுவரிலும் கால் ஒரு சுவரிலும் இடிக்கிற அறை. எழுத்துப் பலகை தூரத்தில் இருக்கவேண்டும், அவ்வளவு தூரம் இல்லை என்பதால் பலகையை முதுகுக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச்சுவரில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்க்க வைத்திருந்தார்கள். ஜன்னலில் கறுப்புத் திரை. நாற்காலிக்குக் கீழே ஹீட்டர். கதவைச் சாத்திவிட்டால் வெளிச்சமும் வராது, காற்றும் வராது. அவன் வழக்கம்போல் முகத்துக்கு நேரே குனிந்து பிரேமை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, "இது தெளிவா?" என்றான். மாற்றிப் போட்டு, "இல்ல, இது தெளிவா?" என்றான்.

பைஃபோகல் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"கதை இல்ல," என்றார் மூக்கைப் பொத்திக்கொண்டு. "இது வேற. என்ன போட்டிருக்கீங்க?"

"சென்ட் சார். பச்சோலின்னு ஒரு இலை. மண்ணும் மரமும் சேர்ந்த மாதிரி, கொஞ்சம் சூடா இருக்கும். குளிர்காலத்துக்குன்னே செஞ்சது."

"குளிர்காலத்துக்கு ஸ்வெட்டர் போதாதா?"

"என் மனைவியோட கடைசி ஆசை சார்."

இந்த வாக்கியத்துக்குப் பதில் வாக்கியம் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பைஃபோகல் எழுந்து வெளியே போனார்.

அந்த சென்ட்டை அவன் வாங்கியது கல்யாணமான வருடத்துக் குளிர்காலத்தில். மைத்துனி ஒரு பெரிய கடையில் சென்ட் கவுண்டரில் நிற்பவள். "புதுசா வந்திருக்கு மாமா, அக்காவுக்கு வாங்கிக் குடுங்க," என்று தலையில் கட்டிவிட்டாள். அவன் மனைவி பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அவன் நினைத்தான்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் கடைசியில். "ஆனா இது உங்களுக்குத்தான் பொருத்தம். நீங்களே போட்டுக்கோங்க."

எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாத குணம் என்று அவன் நெகிழ்ந்துபோனான். அன்றிலிருந்து போட்டுக்கொண்டான். பலனும் கண்கூடாகத் தெரிந்தது. மாலையில் அவன் வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே மேலே ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்கும். வாடைக் காற்று முகத்தை அறைய அவள் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பாள். தன்னை எதிர்பார்த்துத்தான் நிற்கிறாள் என்று அவனுக்குக் கர்வம். உள்ளே வந்து, "குளிர்ல ஏன்மா நிக்கிற," என்று ஜன்னலைச் சாத்துவான். "சும்மாதான்," என்பாள்.

போன குளிர்காலத்தில் அவள் ஆஸ்பத்திரியில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

கடைசியில் அறையில் அவளோடு இருந்தது ஒரு நர்ஸ் மட்டும். அந்த நர்ஸிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அறைக்கு வெளியே நின்றவர்களிடம்தான் கடைசி வார்த்தைகள் நிறைய இருந்தன. மாமனார், "'அப்பா பேச்சைக் கேட்டிருக்கணும்'னு சொன்னா மாப்பிள்ளை," என்றார். மைத்துனன், "'ஸ்கூட்டரைத் தம்பிக்குக் குடுத்துடுங்க'ன்னா," என்று தேம்பினான். தேம்பிக்கொண்டே சாவியையும் வாங்கிக்கொண்டான். இவனுடைய அம்மா அன்று ஊரிலேயே இல்லை. ஆனாலும், "'உங்களை மாதிரி மாமியார் யாருக்குமே கிடைக்க மாட்டாங்க அத்தை'ன்னு போன்ல சொன்னாடா," என்றாள்.

மைத்துனி ஓரமாக நின்றாள். அவனே போய்க் கேட்டான்.

"உன்கிட்ட என்ன சொன்னா?"

மைத்துனி அவனைப் பார்த்தாள். சவரம் செய்யாத முகத்தைப் பார்த்தாள். மஃப்ளரிலிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது.

"'அவர் எப்பவும் இந்த வாசனையோடவே இருக்கணும்'னு சொன்னா மாமா."

இருந்த வாக்கியங்களிலேயே சொன்னவருக்கு ஆதாயம் இல்லாத வாக்கியம் இது ஒன்றுதான் என்று அவன் முடிவு செய்தான். சென்ட் விற்பதே அவள் பிழைப்பு என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

அன்று வேறொன்றும் நடந்தது. அவன் கீழே போய் மருந்து வாங்கிக்கொண்டு படியேறி அறைக்குள் நுழைந்தபோது, ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது. வெளியே பல் கிட்டுகிற குளிர். முதலில் ஜன்னலைத்தான் சாத்தினான். அப்புறம்தான் கட்டிலைப் பார்த்தான். அவனுக்கு அழுகை வரவில்லை. நேராக ஆஸ்பத்திரி மேலாளரின் அறைக்குப் போய், சாகக் கிடக்கிறவளைக் குளிர்க்காற்றில் போட்ட நர்ஸை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கத்தினான். வாழ்க்கையில் அவன் கத்தியது அந்த ஒரு தடவைதான். நர்ஸை வேலையை விட்டு அனுப்பிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடைக்கு வருவோம். கடைசி ஆசையையும் கெடுக்காமல் வியாபாரத்தையும் கெடுக்காமல் ஒரு வழி பண்ண வேண்டும் என்று பைஃபோகல் முடிவு செய்தார். அங்கேதான் பிடித்தது சனி.

"கம்மியா போடுங்க," என்றார் முதலில். "உடம்புல வேண்டாம். துணியில லேசா."

மறுநாளிலிருந்து அவன் உடம்பில் அடித்துக்கொள்வதை நிறுத்தினான். மஃப்ளரில் மட்டும் அடித்தான். தோலில் அடித்தால் சாயங்காலத்தில் போய்விடும். கம்பளியில் அடித்தால் போகாது. இன்று அடித்ததோடு நேற்று அடித்தது சேரும். அதோடு முந்தாநாள் அடித்ததும் சேரும். கீழே ஹீட்டர் வேறு. ஒரு வாரத்தில் மஃப்ளர் தனி ஆளாகிவிட்டது. அவன் காபி குடிக்க வெளியே போனாலும் அறைக்குள் அவன் இருந்தான்.

"ஈரத்துல ஊறின பழைய பெட்டிக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கு," என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார்.

"மண் வாசனை," என்றான் அவன்.

"மண்ணுக்குள்ள போன அப்புறம் வர்ற வாசனை சார் இது."

பைஃபோகல் அடுத்து முகமூடி வாங்கி வந்தார். அவனுக்கு அல்ல, வாடிக்கையாளர்களுக்கு. முகமூடி போட்டவர்கள் விட்ட மூச்சு மேலே ஏறி லென்ஸில் ஆவியாகப் படிந்தது. "இது தெளிவா?" என்றால் இல்லை என்றார்கள். "இது?" என்றால் அதுவும் இல்லை என்றார்கள். அவன் பவரை ஏற்றிக்கொண்டே போனான். அந்த வாரம் கடையிலிருந்து போன கண்ணாடிகள் எல்லாம் சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி இருந்தன.

நான்கு நாள் கழித்து ஒரு தையல்காரர் புதுக் கண்ணாடியோடு வந்தார். வாசலைக் கையால் தடவிக்கொண்டே வந்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க? ஊசிக் காது எனக்கு வாசக்கால் மாதிரி தெரியுது. வாசக்கால்தான் தெரியல."

"வேலை பண்றப்ப மட்டும் போட்டுக்கோங்க," என்றார் பைஃபோகல்.

"வேலை பண்றப்பதான் போட்டேன். ஒரு கால்சட்டைக்கு மூணு கால் தச்சு வச்சிருக்கேன். அதைப் போட்டுக்க நீங்க வர்றீங்களா?"

பைஃபோகல் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். முகமூடிகளைக் குப்பையில் போட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் எலுமிச்சை வாசனை அடிக்கிற ரூம் ஸ்பிரே ஒன்றை வாங்கினார். எலுமிச்சை எல்லாவற்றையும் அடக்கிவிடும் என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்திருந்தார். அடக்கவில்லை. எலுமிச்சையும் பச்சோலியும் சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று மதிக்காமல் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டன. எலுமிச்சந்தோப்பில் யாரையோ ஆழமில்லாமல் புதைத்த மாதிரி இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பஸ் கம்பெனி வேலை வந்தது.

ஊரில் ஓடுகிற பஸ்கள் பாதிக்கு மேல் அந்தக் கம்பெனியுடையவை. எல்லா டிரைவர்களுக்கும் கண் பரிசோதனை. பைஃபோகலுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று குளிரும் உச்சத்தில் இருந்தது. கதவு இடுக்கில் துணியை அடைத்தார், ஹீட்டரை முழுக்கத் திருகினார், எலுமிச்சையை ஒரு சுற்று அடித்தார். "பஸ் டிரைவர்கள். டீசல்லயே இருக்கிறவங்க. இதெல்லாம் அவங்களுக்குத் தெரியவே தெரியாது," என்று சொல்லிக்கொண்டார்.

முதல் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடைசி வரியைப் படிங்க," என்றான் அவன்.

"போர்டு எங்க சார் இருக்கு?"

"எதிர்ல."

"எதிர்ல தண்ணிதான் சார் தெரியுது."

அவருக்கு அடுத்து வந்தவருக்கும் தண்ணீர்தான் தெரிந்தது. அதற்கடுத்தவர் பாதியில் எழுந்து, "சார், எங்க வண்டிக்குள்ள போன மாசம் எலி செத்துக் கிடந்துச்சு. அன்னைக்குக்கூட எனக்குக் கண்ணு எரியல," என்று வெளியே போய்விட்டார். ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்திருந்த ஒருவர் மட்டும் பலகையைக் கடகடவென்று ஒப்பித்தார். கடைசி வரிக்கும் கீழே பலகையை அச்சடித்தவர்களின் விலாசம் பொடியாக இருந்தது. அதையும் படித்தார்.

அவன் நேர்மையானவன். கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுத்தான். ஒருவர் தேறினார், மற்ற எல்லாரும் தேறவில்லை.

மறுநாள் அந்தக் கம்பெனியின் பஸ் ஒன்றே ஒன்றுதான் ஊரில் ஓடியது. தும்மிக்கொண்டே ஓடியது. நிறுத்தங்களில் ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள். பஸ் கம்பெனி மேலாளர் போனில் பேசியது கடை முழுக்கக் கேட்டது.

"உங்க கடை வாசல்ல, ரெண்டு காருக்கு நடுவுல, நூல் பிடிச்ச மாதிரி ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாங்கய்யா. உள்ள போயிட்டு வெளியே வந்ததும் எல்லாரும் குருடாயிட்டாங்களா? மறுபடியும் நாளைக்கு டெஸ்ட் வையுங்க. இந்தத் தடவை எங்க நர்ஸும் கூட வருவாங்க. ரூமுக்குள்ளயே நிப்பாங்க. இதுலயும் தேறலைன்னா டிரைவர்களை வீட்டுக்கு அனுப்புறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. அப்புறம் உங்களையும் சும்மா விடமாட்டேன்."

பைஃபோகல் போனை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேல் பாதியும் இல்லை, கீழ் பாதியும் இல்லை. வெறும் கண்ணால் அவனைப் பார்த்தார்.

"நாளைக்குக் குளிச்சிட்டு வாங்க."

"தினமும் குளிச்சிட்டுத்தான் சார் வர்றேன்."

"குளிச்சதுக்கு அப்புறம் ஒண்ணுமே பண்ணாம வாங்க. அந்த மஃப்ளரும் வரக்கூடாது. இல்லைன்னா நீங்களும் வரவேண்டாம்."

வாசலில் ஒரு டிரைவர் காத்துக்கொண்டு நின்றார். எதிரில் தண்ணீரைப் பார்த்தவர்.

"சார், பொண்ணு காலேஜ்ல படிக்குது. இந்த ஸ்டியரிங்கை விட்டா எனக்கு வேற எதுவும் பிடிக்கத் தெரியாது. நீங்க எப்படி வேணா வாங்க, தப்பா எடுத்துக்கல. நான் மூக்குல பஞ்சு வச்சுக்கிறேன். வச்சுக்கலாமா சார்? சட்டத்துல இடம் இருக்கா?"

"பார்க்கலாம்," என்றான்.

அன்று சாயங்காலம் மைத்துனியின் கவுண்டருக்குப் போனான். பாட்டில் தீர்ந்திருந்தது. அவனைத் தூரத்தில் பார்த்ததுமே அவள் துடைத்த கண்ணாடி மேசையை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

"ஸ்டாக் இல்ல மாமா. அதையெல்லாம் நிறுத்திட்டாங்க. யாரும் வாங்குறதில்ல."

"பின்னாடி அலமாரியில ஒண்ணு இருக்கே."

"அது டெஸ்டர் மாமா. முகர்ந்து பார்க்க வைக்கிறது." அவள் துணியை மடித்தாள், பிரித்தாள். "போதும் மாமா. ஒரு வருஷம் ஆகப்போகுது. விட்டுடுங்க."

"அவ எப்பவும்னு சொன்னாளே."

"எப்பவும்னா... தினமும்னு அர்த்தம் இல்ல."

"எப்பவும்னா எப்பவும்தான்."

"மாமா, அன்னைக்கு நான்..." என்று அவள் ஆரம்பித்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். நாள் முழுக்க மனிதர்களின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிற உத்தியோகம் அவனுக்கு. அந்தக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

"அவ என்கிட்ட எதையும் கேட்டதே இல்ல," என்றான். "கல்யாணம் ஆனதுலேர்ந்து. ஒரு புடவை, ஒரு வளையல், எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கன்னு... ஒண்ணும் கேட்டதில்ல. கேட்டது இது ஒண்ணுதான். அதையும் நான் செய்யலைன்னா எப்படி?"

மைத்துனி அவனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த மாதிரியே தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். பிறகு திரும்பி அந்த டெஸ்டரை எடுத்து, ஒரு பையில் போட்டு நீட்டினாள்.

மறுநாள் காலையில் எழுந்தான். ஜன்னல்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்தான். பல் தேய்த்தான். காபி, ரொட்டி. குளித்தான். சட்டை, ஸ்வெட்டர். மஃப்ளரைக் கொக்கியில் மாட்டிவிட்டு அதன் எதிரே கட்டிலில் உட்கார்ந்தான். குளிர் காதைக் கடித்தது. டிரைவரின் மகளை நினைத்தான். மாத வாடகையை நினைத்தான். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். டிரைவர்களை வேறு கடைக்கு அனுப்பலாம். கடைசி வார்த்தை இன்னொன்று கிடைக்காது.

எழுந்து மஃப்ளரைச் சுற்றிக்கொண்டான். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும், மணிக்கட்டில், மஃப்ளரில். டெஸ்டர் பாட்டிலுக்கு மூடி இல்லை. மிச்சம் வைப்பானேன் என்று ஸ்வெட்டரிலும் ஊற்றிக்கொண்டான். போவதென்று ஆனபின் முழுசாகப் போய்விடுவது என்று தீர்மானம்.

கடை வாசலில் நின்றிருந்த பைஃபோகல், அவன் சாலையைக் கடக்கும்போதே முகர்ந்துவிட்டார்.

"போட்டுட்டீங்க."

"போட்டுட்டேன் சார். கணக்கை முடிச்சிடுங்க. வேற ஆளைக் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணுங்க."

"வேற ஆளுக்கு நான் எங்க போறது? பஸ் வந்துடுச்சு."

வந்திருந்தது. நூல் பிடித்த மாதிரி நிறுத்தியும் இருந்தார்கள். டிரைவர்கள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கு மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சு. முன்னால் ஒரு நர்ஸ், கம்பெனியின் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு. நடுவயது. வீட்டில் யாரோ சொல்பேச்சுக் கேட்காததுபோல் ஒரு முகம். பஸ் கம்பெனியின் முதலுதவி அறையில் அந்த வருடம்தான் சேர்ந்தவள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள். "நான் மத்தியானம் டிப்போவுல இருக்கணும்."

பைஃபோகல் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பஞ்சு வைத்த டிரைவர்தான் முதலில் போனார். பின்னால் நர்ஸ் போனாள். அவன் கதவைச் சாத்தினான், பிரேமை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

"கடைசி வரியைப் படிங்க."

டிரைவர் வாயால் மூச்சு விட்டுக்கொண்டே இரண்டு எழுத்தைப் படித்தார். மூன்றாவது எழுத்தில் கண் கலங்கியது. நாற்காலியின் கைப்பிடியை ஸ்டியரிங் மாதிரி இறுகப் பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் காற்றை முகர்ந்தாள். இருட்டில் அவன் முகத்தைப் பார்க்க முயன்றாள். முகம் ஞாபகத்துக்கு வரவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"ஓ," என்றாள். "நீங்களா."

பிறகு ஜன்னல் பக்கம் போய்க் கறுப்புத் திரையை ஒதுக்கினாள்.

"அதைத் திறக்காதீங்க," என்றான். "வெளிச்சம் வந்தா டெஸ்ட் பண்ண முடியாது."

"இப்ப மட்டும் பண்ண முடியுதா?" அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது. "ஜன்னலைத் திறந்தேன்னு ஒரு தடவை என் வேலைக்கு உலை வச்சீங்க. இன்னொரு தடவை வைக்கிறதுன்னா வச்சுக்கோங்க. இவங்க வேலையாவது பிழைக்கட்டும்."

அவன் லென்ஸைக் கையில் பிடித்தபடியே நின்றான். "அந்த நர்ஸா?"

"அந்த நர்ஸ்தான். கடைசி அறை."

"அவ்வளவு குளிர்ல... முடியாம கிடக்கிறவளைப் போட்டு, ஜன்னலை ஏன் திறந்தீங்க?"

"எனக்கென்ன வேண்டுதலா? திறக்கச் சொன்னாங்க, திறந்தேன்."

"யாரு சொன்னா?"

"அந்த ரூம்ல நானும் உங்க சம்சாரமும்தான் இருந்தோம்."

டிரைவர் நாற்காலியில் நெளிந்தார். "சார், நான் வேணா அப்புறம் வரட்டுமா?"

"உட்காருங்க," என்றாள் நர்ஸ்.

"அவ அன்னைக்குப் பேசவே இல்ல," என்றான் அவன். "காலையிலேர்ந்து ஒரு வார்த்தைகூட."

"பேசினாங்க. நீங்க மருந்தோட படியேறி வர்றப்ப பேசினாங்க. அதுக்கப்புறம் பேசல."

வெளியே டிரைவர்கள் யாரோ இருமினார்கள். பைஃபோகல், "என்ன ஆச்சு உள்ள?" என்று கதவைத் தட்டினார். அவன் திரும்பவில்லை. ஊரில் எல்லாரிடமும் கேட்ட கேள்வி. இவளிடம் மட்டும் கேட்டதில்லை.

"என்ன சொன்னா?"

நர்ஸ் அவனையே பார்த்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது போலிருந்தது.

"மேனேஜர் என்னை நிக்கவச்சுக் கேட்டப்பகூட நான் இதைச் சொல்லல. சொல்லமாட்டேன்னு உங்க சம்சாரத்துக்குக் குடுத்த வாக்கு. ஆனா நீங்க இன்னும் இதையே பூசிக்கிட்டுத் திரிவீங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் தாழ்ப்பாளை இழுத்தாள். குளிர்க்காற்று மொத்தமாக உள்ளே வந்தது. வெளிச்சமும் வந்தது. பஞ்சு வைத்த டிரைவர் பஞ்சை எடுத்துவிட்டு ஆழமாக மூச்சு இழுத்தார்.

"'வாசனை வருது சிஸ்டர், அவர் படியேறிட்டாரு, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துடுங்க, நான் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க, பாவம்.'"